வண்டி உறங்கவும் ஓர் அறை

கொழும்பிலே வீடு வாங்கப் புறப்படும் எம்மவர் தரகரிடம் முதலிற் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. மழைக்கு வெள்ளம் ஏறுமா, கோயில் அண்மையில் உள்ளதா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் ஒரு காலத்திற் கேட்டனர். இன்றோ, "கார் விட இடம் இருக்கிறதோ?" என்பதே முதற் கேள்வி. கேள்வி தவறானதென நாம் கூறவில்லை. ஆயினும், அதற்கு முன்னர் வீட்டார் தம்முள்ளே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. எமக்குக் கார் வேண்டுமா என்பதே அது. அதனைக் கேட்பாரைக் காணோம்.

வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் இன்றைய உருவை அடைந்த வரலாறு யாவரும் அறிந்ததே. 1983 ஆம் ஆண்டிற்குப் பின்னரும், போர் நீடித்த ஆண்டுகளிலும், வடக்குக் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள் இப்பகுதிகளிலே நெருங்கிக் குடியேறின. தனி வீடுகள் நின்ற வளவுகளில் தொடர்மாடிகள் எழுந்தன. நான்கு பேர் வாழ்ந்த நிலத்தில் நாற்பது குடும்பங்கள் வாழலாயின. ஆனால் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகள் ஓர் அடிதானும் அகலவில்லை. ஒரு வண்டி நின்றால் மறு வண்டி ஒதுங்கிச் செல்லவேண்டிய ஒழுங்கையிலே, இரவு வேளையில் இரு மருங்கும் வண்டிகள் நிற்கின்றன. தீயணைக்கும் வண்டி வரவேண்டி நேர்ந்தால் அது எவ்வழியால் வரும்?

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு கார் நிற்பதற்கு ஏறக்குறைய 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் வேண்டும். சதுர அடியிற் சொல்வதாயின் 124. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட படுக்கையறை 120 சதுர அடி. ஆகவே, தரிப்பிடம் வாங்குகின்றவர் வண்டிக்கு ஒரு படுக்கையறை வாங்குகின்றார் என்றே கொள்ளவேண்டும். அதுவும் முழுக் கணக்கன்று. வண்டி உள்ளே நுழையவும் திரும்பவும் வெளியேறவும் வழி வேண்டும். அவ்வழியிற் சேரும் பங்கையும் கூட்டினால் ஒரு வண்டிக்கு 300 சதுர அடி அளவில் வந்துவிடும். சதுர அடி ஒன்று 40,000 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கும் 124 அடியை மாத்திரம் அவ்விலைக்கு மதித்தால் 49 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. சுவரும் யன்னலும் இல்லாத இடத்திற்கு இத்தனை செலவில்லை என்பர் கட்டட ஒப்பந்தகாரர். செலவு குறையலாம், நிலம் குறைகின்றதா?

யாழ்ப்பாணத்து விவசாயிக்கு இதனை அவருடைய அளவையிலேயே சொல்வோம். ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஒரு பரப்பு 2,722 சதுர அடி. செல்லும் வழியையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பரப்பிலே ஒன்பது கார்கள் நிற்கும். அதே ஒரு பரப்புச் செம்மண்ணிலே வெங்காயமும் மிளகாயும் வைத்தவருக்கு அந்நிலம் என்ன தரும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் மகனோ மகளோ வீடு வாங்குவதற்கு ஊரிலே தோட்டக் காணி விற்கப்படுவது இன்று புதுமையன்று. வீட்டுக்காக விற்பதை நாம் குறை கூறோம். பிள்ளைகள் தலைக்குமேற் கூரையின்றி வாழ முடியாது. வாடகை கொடுத்தே வாழ்நாளைக் கழிப்பதும் அறிவுடைமையன்று. ஆனால் வீட்டுக்கு இத்தனை, தரிப்பிடத்துக்கு இத்தனை, காருக்கு முற்பணம் இத்தனை என்று பட்டியல் நீளும்பொழுது, எத்தனை பரப்பு எதற்காகப் போகின்றது என்று தந்தையார் கேட்டறிய உரிமையுண்டு. அவருடைய முற்றத்திலே மாமரத்தின் கீழே வண்டி நிற்பதற்கு ஒரு சதமும் இல்லை. அதனால், நகரத்திலே வண்டி நிற்பதற்கும் விலையுண்டு என்பது அவருக்கு எளிதில் மனங்கொள்வதில்லை. அவரிடம் உள்ள லாண்ட்மாஸ்டர் உழும், நீர் இறைக்கும், சந்தைக்குச் சுமை ஏற்றும். மகனுடைய காரோ காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் ஓடி, எஞ்சிய இருபத்திரண்டு மணி நேரமும் உறங்கும். உறங்குவதற்கும் வாடகை.

சீதன உறுதியிலே தொடர்மாடி வீட்டோடு தரிப்பிடமும் எழுதப்படவேண்டும் எனப் பேரம் பேசும் வழக்கமும் தோன்றியிருக்கின்றது. அது தனியே எழுதத்தக்க விடயம்.

காரில்லாதவர் நிலை இன்னும் கேடானது. தொடர்மாடி கட்டுவோர் கட்டடத்தின் பரப்பையும் வீடுகளின் தொகையையும் பொறுத்து இத்தனை தரிப்பிடங்கள் அமைத்தே தீரவேண்டும் என நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகள் கூறுகின்றன. தெருவை வண்டிகள் அடைத்துக்கொள்ளாதிருக்க வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் அத்தரிப்பிடங்களைக் கட்டும் செலவு எங்கே போகின்றது? வீட்டின் விலையிலே கலந்துவிடுகின்றது. ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியையும், பிள்ளைகளைப் படிப்பிக்கும் விதவைத் தாயும், பஸ்ஸிலே கந்தோருக்குச் செல்லும் எழுதுவினைஞரும் தாம் ஒருநாளும் ஏறப்போகாத வண்டிகளின் நித்திரைக்குப் பணம் கொடுக்கின்றனர். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் என்பவர் 2005 ஆம் ஆண்டிலே இதனைப் பற்றிப் பெரிய நூலொன்றே எழுதினார். இலவசமாய்த் தோன்றும் தரிப்பிடம் இலவசமன்று, அதன் விலை வீட்டு வாடகையிலும் கடைச் சாமான்களிலும் மறைந்து கிடக்கின்றது என்பதே அவர் வாதம். 2025 இல் அவர் மறைந்தார். அதற்குள் அவர் சொல் பல நகரங்களிலே சட்டமாகிவிட்டது. மெக்சிக்கோ நகரம் 2017 இல் இத்தனை தரிப்பிடம் கட்டாயம் என்னும் விதியை நீக்கியது. நியூசிலாந்து அரசு 2020 இல் தன் நகரசபைகளுக்கு அவ்வாறே பணித்தது. அங்கெல்லாம் தரிப்பிடம் கட்டுவது தடுக்கப்படவில்லை. வேண்டியவர் கட்டலாம், வேண்டியவர் வாங்கலாம். வேண்டாதவர் தலையிலே சுமத்தப்படுவதில்லை, அவ்வளவே.

"கொழும்பிலே விலை தாங்க முடியாது, மாலபேக்கோ அதற்கப்பாலோ போனால் இதே பணத்துக்கு முற்றத்தோடு வீடு கிடைக்கும், காரும் உள்ளே நிற்கும்" என்பர் சிலர். மெய்தான். ஆனால் மாலபேக்குப் புகையிரதம் இல்லை. அங்கே வீட்டை மலிவாக வாங்குபவர் நாள்தோறும் ஓடும் காரை விலையாகக் கொடுக்கின்றார். ஒரு வழிக்குப் பதினைந்து கிலோமீற்றர் எனின் நாளொன்றுக்கு முப்பது. மாதம் இருபத்தைந்து நாளுக்கு 750 கிலோமீற்றர். லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 62½ லீற்றர் பெற்றோல். லீற்றர் 300 ரூபா என்று கொண்டால் 18,750 ரூபா. இதன்மேல் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், டயர், திருத்த வேலை, கோட்டையிலே வண்டியை விடும் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாக லீசிங் தவணை. இவற்றை ஒன்றாகக் கூட்டிக் கடதாசியில் எழுதிப் பார்த்தவர் சிலரே. அத்தொகையை வங்கிக்கு வீட்டுக் கடன் தவணையாகக் கட்டினால் எவ்வளவு கூடிய விலையுள்ள வீட்டை, புகையிரத நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்திலே, வாங்கலாம் என்பதைக் கணக்கிட்டவர் அதனினும் சிலர். வீடு ஆண்டுதோறும் பெறுமதி ஏறும் பொருள். கார் சாதாரண காலத்திலே ஆண்டுதோறும் தேயும் பொருள்.

சாதாரண காலத்திலே என்று சொன்னோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு வழி திறக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுகளில் பழைய கார் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்றது. அதனைக் கண்டு, கார் ஒரு முதலீடு என்னும் மயக்கம் படித்தவர் மத்தியிலும் பரவிற்று. கதவை அடைத்ததால் ஏறிய விலை அது, பொருளின் மதிப்பன்று. அதே ஐந்தாண்டுகளிலேதான் 2022 ஆம் ஆண்டும் வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலே பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. நிரப்பு நிலையங்களின் முன்னே வண்டிகள் இரவு பகலாக வரிசையில் நின்றன. பின்னர் பங்கீட்டு அட்டை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என வரையறுத்தார்கள். பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பால் வீடு வாங்கியவர் தவித்தார். வெள்ளவத்தை நிலையத்துக்கு நடந்து சென்றவர் நெரிசலில் நசுங்கினாலும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். வீடு தெரிவு செய்யும்பொழுது இவ்வனுபவம் நினைவில் நிற்கவேண்டும்.

முதியவருக்கு நோய் வந்தால் என்ன செய்வது, கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் எப்படிப் போவது, ஊருக்குப் போகக் கார் வேண்டாமா என்ற கேள்விகள் எழும். இவை வீண் கேள்விகளல்ல. வைத்தியர், பொறியியலாளர் ஆகியோருள்ளே இரவிலும் அழைப்புக்குச் செல்லவேண்டியவர் இருக்கின்றனர். அவர்களுக்குக் கார் தொழிற் கருவி. அவர்களை நாம் விலக்கியே பேசுகின்றோம். ஏனையோருக்கு, 2015 முதல் கைத்தொலைபேசியில் அழைத்தால் முச்சக்கரவண்டியோ காரோ வாசலுக்கு வருகின்றது. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. மாதம் நான்கு முறை வாடகைக் கார் பிடித்தாலும், தரிப்பிடத்துக்கான கடனின் வட்டியை அது எட்டாது. எஞ்சுவது அந்தஸ்து. வாசலில் கார் நிற்காத வீட்டாரை மதியாத சமூகம் ஒன்று எம்மிடையே உண்டென்பதை மறைத்துப் பயனில்லை. அதற்கு எவ்வளவு விலை கொடுப்பதென்று அவரவர் தீர்மானிக்கட்டும்.

தனி மனிதர் தீர்மானிக்க முடியாத பகுதியும் ஒன்று உண்டு. மக்களைக் காரின்பால் தள்ளிவிட்டது அரசே. மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு புகையிரதம் அமைக்க ஜப்பானியக் கடனுதவி ஒழுங்காகியிருந்தது. 2020 செப்டெம்பரில் அரசு அதனைக் கைவிட்டது. அத்திட்டம் நிறைவேறியிருந்தால், காரின்றி அங்கே வாழலாம் என்று ஒரு குடும்பம் துணிந்திருக்கும். காலி வீதியிலே பஸ்கள் போட்டி போட்டு ஓடுகின்றன. கரையோரப் புகையிரதம் காலையிலும் மாலையிலும் படியில் ஆட்கள் தொங்க ஓடுகின்றது. நேரம் தவறாத பஸ்ஸும், நிற்க இடமுள்ள புகையிரதமும் தராத அரசு, காருக்குப் பெருவரி விதிப்பது மட்டும் கொள்கையாகாது. சிங்கப்பூர் 1990 முதல் கார் வைத்திருக்கும் உரிமைக்கே ஏலத்தில் விலை வைத்திருக்கின்றது. ஆனால் அங்கே காரில்லாதவன் வேலைக்குப் போக முடியாது தவிப்பதில்லை. அங்கு அரசாங்கத் தொடர்மாடியிலே தரிப்பிடம் வீட்டோடு விற்கப்படுவதுமில்லை. வண்டியுள்ளவர் மாதக் கட்டணம் செலுத்துவர். ஜப்பானிலோ, 1962 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வண்டி நிறுத்தச் சொந்த இடமோ வாடகை இடமோ உண்டெனப் பொலிசார் உறுதிப்படுத்தினாலன்றி நகரவாசி கார் பதிவு செய்ய முடியாது. எமது ஒழுங்கைகளைக் காக்க அதுபோன்ற விதியே தக்கது. வண்டியுடையவர் தம் வண்டிக்கு இடம் தேடுவார். வண்டியில்லாதவர் வீட்டுக்கு மாத்திரம் விலை கொடுப்பார்.

அதிகாரசபையிடம் நாம் கேட்பது பெரிதன்று. தரிப்பிடத்தின் விலையை வீட்டின் விலையிலிருந்து பிரித்துக் காட்டும்படி கட்டுவோரைப் பணிக்கவேண்டும். புகையிரத நிலையத்துக்கு நடந்து செல்லக்கூடிய தூரத்தில் எழும் தொடர்மாடிகளுக்குக் கட்டாய எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும்.

அதுவரை, வாங்குவோர் ஒன்று செய்யலாம். தொடர்மாடிகளின் உரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது எது, யாவர்க்கும் பொதுவானது எது என்பது பதிவான வரைபடத்திலே குறிக்கப்பட்டிருக்கும். தரகர் சுண்ணாம்பால் இலக்கமிட்டுக் காட்டும் இடம் அவ்வரைபடத்திலே உமது வீட்டுக்குரியதாய் உள்ளதா, அன்றிப் பொது நிலமா என்பதை நொத்தாரிசிடம் கேட்டு, கண்ணாற் கண்ட பின்னரே முற்பணம் கொடுங்கள். கார் இல்லை, இடமும் வேண்டாம் என்று முடிவு செய்தவர், அவ்விடத்தின் விலையைக் கழித்துத் தரும்படி முற்பணம் கொடுக்குமுன் கேளுங்கள். கேட்பவர் ஒருவரானால் கட்டுபவர் சிரிப்பார்; பத்துப் பேரானால் விலைப்பட்டியலை மாற்றி எழுதுவார்.