‘ஃபார்மட் பண்ணவா?’ன்னு கேட்டா... கையை எடுங்க!

புராஜெக்ட் சமர்ப்பிக்க நாளைக்குக் கடைசி நாள். நாகமலை புதுக்கோட்டை கல்லூரி மாணவி ஒருவர் பென் டிரைவோடு ஜெராக்ஸ் கடைக்கு ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை கம்ப்யூட்டரில் செருகியதும், ‘இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்கிறது விண்டோஸ். ‘வைரஸ் போலம்மா’ என்றபடியே கடைக்காரரின் கை ஓகே பட்டனுக்குப் போகிறது. அங்கேதான் ஆபத்து!

பென் டிரைவ் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அதன் ‘பாஷை’ விண்டோஸுக்குப் புரியாமலும் இருக்கலாம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அண்ணனோ அக்காவோ வாங்கிய அந்த லேப்டாப் இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. பாஸில் வைத்து பென் டிரைவை ‘எக்ஸ்ட்4’ முறையில் ஃபார்மட் செய்திருந்தால், விண்டோஸ் அதைத் திறக்காது. மேக்கில் மட்டும் புழங்கும்படி ஃபார்மட் செய்ததும் அப்படித்தான்.

‘கேன்சல்’ கொடுத்துவிட்டு, பழைய லேப்டாப்பிலேயே திறந்து பாருங்கள். ஃபைல்கள் பத்திரமாக இருக்கும். அவற்றை வேறு இடத்தில் காப்பி செய்த பிறகுதான் ஃபார்மட். தெரியாமல் ஓகே கொடுத்துவிட்டீர்களா? அதில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். மீட்பு சாஃப்ட்வேர் மூலம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

சரி, எந்த முறையில் ஃபார்மட் செய்வது? ‘ஃபேட்32’ ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் புரியும். ஆனால், 4 ஜி.பி-க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. கல்யாண வீடியோ பாதியில் நிற்பது இதனால்தான். ‘என்.டி.எஃப்.எஸ்’ என்றால் மேக் படிக்கும், எழுதாது. இன்றைக்குப் பொதுவான வழி ‘எக்ஸ்ஃபேட்’. மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்த இதன் விவரங்களை 2019-ல்தான் வெளியிட்டது. அதன் பிறகே லினக்ஸின் கெர்னலுக்குள் இடம் கிடைத்தது. அதனால் பழைய பாஸ் லேப்டாப் இதைத் திறக்காமல் போகலாம். அந்த வீட்டுக்கு ஃபேட்32-தான் சரி.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு சங்கடம் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது வெடுக்கென்று பிடுங்கினால் ஃபைல்கள் சேதமாகலாம். கடையில் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், “எஜெக்ட் பண்ணிட்டீங்களாண்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.