ஆடுவாரா, மாட்டாரா?

வெள்ளிக்கிழமையானால் நம் மாணாக்கர் அட்டன் பேருந்து நிலையத்திலும் ஆராயும் பொருள் ஒன்றுண்டு. ‘அவர் நாளை ஆடுவாரா? எத்தனை நிமிடம் நிற்பார்? யாரைத் தலைவராக்குவது?’ தேர்வு வினாக்களுக்கும் இத்துணைக் கவலை கொள்வாரோ என்பது ஐயமே.

இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கின் கற்பனை உதைபந்தாட்டத்தையே சொல்கிறோம். அறியாத பெற்றோர்க்காக இரண்டொரு வார்த்தை: 100 மில்லியன் பவுண் கற்பனைப் பணம் தரப்படும். அதைக்கொண்டு 15 வீரரை வாங்கவேண்டும். ஒரே கழகத்தில் மூவருக்குமேல் ஆகாது. அவர்களுள் 11 பேரைக் களமிறக்கினால், மெய்யான ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்கேற்பப் புள்ளி சேரும். தலைவராகக் குறித்தவரின் புள்ளி இரட்டிக்கும்.

பிள்ளைகள் கேட்பது வீரரின் புகழைப் பற்றி. கேட்கவேண்டுவதோ நிமிடங்களைப் பற்றி. தோட்டத்துப் பிள்ளைக்கு இதனை விளக்குதல் எளிது. குறித்த கிலோ கொழுந்து பறித்தால் தாய்க்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். இங்கும் 60 நிமிடம் நின்றவர்க்கு 2 புள்ளி, அதற்குக் குறைந்தால் 1, இறங்காதவர்க்கு ஒன்றுமில்லை. (ஒரு வேற்றுமை: இறங்காத வீரரின் சம்பளத்தில் கைவைப்பாரில்லை.) 2016இல் மான்செஸ்டர் சிட்டியின் பொறுப்பேற்ற குவார்டியோலா வீரரை மாற்றி மாற்றி இறக்குவதில் பேர்போனவர். அவரது முதல் பதினொருவரை முன்கூட்டி ஊகித்து ஏமாந்தோர் தொகை பெரிது.

காயமும் நாட்டுப் பணியும் அடுத்த வினா. 2024 சனவரியில் எகிப்து அணியுடன் ஆப்பிரிக்கக் கிண்ணப் போட்டிக்குச் சென்ற முகமது சாலா அங்கே காயமுற்றார். போட்டி முடிந்தால் மீள்வார் என்று காத்திருந்தோர் கைபிசைந்தனர். அதே சாலா 2024–25 பருவத்தில் லிவர்பூலுக்கு 29 கோல் போட்டு, இவ்விளையாட்டில் அதுகாறும் எவரும் எட்டாத 344 புள்ளியை எட்டினார். இதில் ஒரு நுட்பமுண்டு. கோலடிப்பதையே தொழிலாகக் கொண்ட அவரைப் பட்டியல் நடுக்கள வீரர் என்றே வகுத்திருந்தது. முன்கள வீரரின் கோலுக்கு 4 புள்ளி, நடுக்கள வீரரின் கோலுக்கு 5. ஆகவே அப்பெயர் ஒன்றினாலேயே 29 புள்ளி மிகுந்தது. இவ்வகை ஓட்டைகளைத் தேடும் மாணாக்கரை நாம் வெகுவாக மெச்சுகிறோம்; கணிதம் அங்கே தானாக வருகிறது.

நேரக் கணக்கும் அப்படியே. முதலாட்டத்திற்கு 90 நிமிடம் முன்பே கதவு அடைபடும். சனிக்கிழமை இலண்டனில் பகல் 12.30க்கு முதலாட்டமெனில் கோடையில் நமக்கு மாலை 3.30, ஒக்டோபர் இறுதி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னே திருப்பியபின் 4.30. கைத்தொலைபேசிக்கு அலை தேடி மேட்டு லயத்துக்கு ஏறும் பிள்ளை வெள்ளி இரவே காரியத்தை முடித்தல் நன்று.

பணம் கட்டும் கற்பனை ஆட்டங்களும் உலகில் உண்டு. அவற்றைப் பிள்ளைகள் அண்டவேண்டா. இந்தியாவில் 2025 ஓகஸ்டில் சட்டமே வந்தது. டிரீம் 11 நிறுவனம் பணப்போட்டிகளை நிறுத்திற்று. நாம் சொல்லும் லீக்கின் ஆட்டத்திற்கோ நுழைவுக் கட்டணமில்லை.

தலைவர் களமிறங்காவிடில் அந்த இரட்டிப்பு துணைத்தலைவருக்குச் செல்லும். இத்தனை ஆராய்ந்தும், காயமுற்ற இருவரையே தலைவராகவும் துணைத்தலைவராகவும் குறித்துவிட்டு ஞாயிறு இரவு வருந்துவோர் நம் வகுப்பிலேயே உளர்.