படத்திற்கு மாலை! சொல்லுக்குத் திரையா?

"சித்திரக்கலை வேறு, அரசியல் வேறு; அதிலும் ஒரு பெண் சித்திரம் எழுத வந்தால் பூவையும் குழந்தையையும் எழுதிவிட்டுப் போகட்டும்; அவளுக்கு ஏன் இந்த வம்பு?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. இக்கேள்வியின் யோக்கியதையை அறிய, ஜெர்மனியில் 1867-ல் பிறந்து 1945-ல் இறந்த கேத்தே கோல்விட்ஸ் அம்மையாரின் வேலையைச் சற்று கவனிப்போம்.

அம்மையாரின் கணவர் பெர்லினில் ஏழைத் தொழிலாளர் பகுதியில் வைத்தியம் செய்தவர். அங்கு வந்த பெண்களின் பசியும் நோயுமே அம்மையாருக்குப் பாடமாயின. 1844-ல் நடந்த நெசவாளர் கலகத்தை நினைத்து அவர் செய்த படங்களுக்குத் தங்க மெடல் அளிக்கும்படி 1898-ல் நடுவர்கள் சிபார்சு செய்தார்கள். சக்கரவர்த்தி முடியாதென்று விட்டார். 1906-ல், வீட்டிலிருந்தே கூலிக்கு உழைப்போரைப் பற்றிய கண்காட்சிக்காக, களைத்துப்போன ஒரு பெண்ணின் முகத்தை விளம்பரமாகத் தீட்டினார். அது கண்ணில் படும்வரை வரமாட்டேன் என்றார் சக்கரவர்த்தினி. உழைப்பைப் பார்க்க வருகிறவருக்கு உழைத்தவள் முகம் ஆகவில்லை!

கடவுள்கள் பெண்களைத் தூக்கிப்போவதை லீலையென்று அழகு அழகாய் எழுதிய ஐரோப்பிய ஓவியர்கள் அநேகர். அம்மையாரோ, பலாத்காரம் செய்யப்பட்டுச் செடிகளுக்கிடையே கிடக்கும் குடியானவப் பெண்ணை எழுதினார். அதே வரிசையில், கலகக்கூட்டத்தை முன்னின்று கிளப்புகிறவளாகவும் ஒரு பெண்ணையே நிறுத்தினார். அழுவதற்கு மாத்திரமல்ல, எழுவதற்கும் பெண்ணுக்கு உரிமையுண்டு என்பதே அதன் பொருள்.

1914-ல் தம் இளைய மகனை யுத்தத்திற்குப் பலி கொடுத்தவர், 1924-ல் 'இனி யுத்தமே வேண்டாம்' என்ற விளம்பரத்தைத் தீட்டினார். அந்தக் காலத்திலேயே, கருக்கலைப்பைக் குற்றமாக்கும் 218-வது பிரிவு ஒழிக என்று, கையில் ஒரு குழந்தையும் வயிற்றில் ஒரு குழந்தையுமாய் வாடி நிற்கும் ஏழைத் தாயை எழுதினார். 1919-ல் பிரஷ்யக் கலைக்கழகத்தில் அங்கம் பெற்றவரை, ஹிட்லருக்கு எதிராக ஒன்றுபடுங்கள் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக 1933-ல் வெளியேற்றினார்கள்.

சித்திரத்திற்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லையானால், சக்கரவர்த்தியும் சக்கரவர்த்தினியும் ஹிட்லர் கூட்டமும் ஒரு பெண்ணின் கோட்டுக்கு ஏன் பயந்தார்கள்?

இது நிற்க. இறந்த மகனை மடியில் கிடத்திய தாயாக அவர் செய்த சிறு சிலையைப் பெரிதாக்கி, 1993-ல் ஜெர்மன் சர்க்கார் பெர்லின் தேசிய நினைவிடத்தில் வைத்தது. அதே 1993-ல் அந்நாட்டு அரசியல் சட்டக் கோர்ட்டு, கருக்கலைப்பு சட்டவிரோதமே, ஆலோசனை பெற்று முதல் 12 வாரத்தில் செய்தால் தண்டனை மாத்திரம் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. 218-வது பிரிவு இன்றும் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது.

பிள்ளையை இழந்து அழும் தாய்க்கு மண்டபம் உண்டு. பெறுவதா வேண்டாமா என்று தானே முடிவு செய்யக் கேட்கும் தாய்க்கு மாத்திரம் சட்டப் புத்தகமா? இரண்டு தாயையும் எழுதியது ஒரே கைதான். ஒரு படத்திற்கு மாலை போட்டு இன்னொரு படத்திற்குத் திரை போடுவது கலையைப் போற்றுவதாகாது. அன்று சக்கரவர்த்தினி செய்ததையே இன்று மரியாதையோடு செய்வதாகும். அம்மையாருக்கு உண்மையில் மரியாதை செய்ய விரும்புவோர் மாலையை வைத்துவிட்டு அந்தப் பிரிவை எடுக்கட்டும்.