விரல எண்றது இருக்கட்டும், முதல்ல தூங்குங்க

போன மாசம் ஓபில ஒரு அம்மா ப்ளஸ் டூ படிக்கிற பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. "சார், நாள் பூரா விரல எண்ணிட்டே இருக்கான். ராத்திரி அமுக்குவான் பேய் நெஞ்சு மேல உக்காருதுங்கறான். மந்திரிச்சும் பாத்தாச்சு."

பையன்கிட்ட தனியா கேட்டப்போ மொபைல்ல ஒரு வீடியோவைக் காட்டினான். 21 நாள்ல கனவை நம்ம இஷ்டத்துக்கு இயக்கலாமாம். முழுசாக் கத்துக்க தனிக் கட்டணமாம். (அனுமதி வாங்கி, அடையாளம் மாத்திதான் எழுதறேன்.)

முதல்லயே சொல்லிடறேன், லூசிட் ட்ரீம் கப்சா இல்ல. கனவுக்குள்ள இருக்கும்போதே 'இது கனவு'ன்னு தெரியறதுதான் அது. ரெம் தூக்கத்துல கை கால் தசையெல்லாம் செயலிழந்து கிடக்கும், கண் மட்டும் அசையும். 1975ல இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்துல ஆலன் வொர்ஸ்லி, முன்னாடியே பேசி வச்ச மாதிரி கனவுக்குள்ளிருந்தே கண்ணை இடம் வலமா அசைச்சார். கீத் ஹெர்ன் அதைக் கருவியில பதிவு செய்தார். பின்னாடி ஸ்டான்ஃபோர்டுல ஸ்டீபன் லாபெர்ஜும் நிரூபிச்சார். என் சண்டை இவங்களோட இல்ல, இதைக் கூவி விக்கறவங்களோட.

ரியாலிட்டி செக்னா என்ன? விரல எண்ணு, மூக்கைப் பொத்திட்டு மூச்சு இழு, கடிகாரத்தை ரெண்டு தடவ பாரு. பகல்ல பழகினா கனவுலயும் கை தானாச் செய்யும். அங்க ஆறு விரல் இருக்கும், பொத்தின மூக்குல மூச்சு போகும், உடனே கண்டுபிடிச்சிடலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா சந்தேகப்படற வேலையைப் பாக்கற முன்மூளைப் பகுதி ரெம் தூக்கத்துல மந்தமாத்தான் இருக்கும். செத்துப்போன தாத்தா கனவுல வந்து டீ கேக்கறார், நாம பிஸ்கட்டும் சேத்து வைக்கறோம். துளி சந்தேகம் வரல. அந்த மூளை ஆறாவது விரலப் பாத்தா மட்டும் முழிச்சுக்குமா? 'ஓ, ஆறா, சரி'ன்னு போயிடும். அதனால எந்திரம் மாதிரி 50 தடவ எண்றது வீண். 'இங்க எப்படி வந்தேன், அஞ்சு நிமிஷம் முன்னாடி எங்க இருந்தேன்'னு நிஜமாவே யோசிச்சுக் கேக்கணும். ஜெர்மன் உளவியலாளர் பால் தோலி அன்னைக்கே வலியுறுத்தினது இதைத்தான்.

2017ல ஆஸ்திரேலியாவுல டென்ஹோம் ஆஸ்பி வெளியிட்ட ஆய்வு இருக்கு. ஒரு வாரம் வெறும் ரியாலிட்டி செக் மட்டும் செஞ்சவங்களுக்குப் பெருசா பலனில்ல. அதோட, 5 மணி நேரம் தூங்கி எழுந்து, 'அடுத்த கனவுல இது கனவுன்னு ஞாபகம் வரணும்'னு மனசுல பதிய வச்சுத் திரும்பத் தூங்கினவங்களுக்கு வெற்றி சுமார் 17 சதவீதம். அதுவும் ஆசைப்பட்டுச் சேர்ந்தவங்களுக்கு! வீடியோ அண்ணன் குடுக்கற கேரண்டி எங்கிருந்து வந்துச்சுன்னு அவரைத்தான் கேக்கணும்.

வினையே அந்த அலாரத்துலதான். நம்ம பையன் படிச்சுட்டுப் படுக்கறது 12 மணி. அலாரம் 4 மணி. திரும்ப 6 மணிக்கு எழுப்பறாங்க. இந்த வயசுக்கு 8லிருந்து 10 மணி நேரம் தேவை. ரெம் தூக்கம் அதிகமா வர்றதே விடியற நேரத்துலதான், அதை நடுவுல வெட்டிட்டா? மூளை முழிச்சுக்கும், தசைப் பூட்டு கொஞ்ச நேரம் திறக்காது. அசைய முடியாது, நெஞ்சை அழுத்தும், யாரோ நிக்கற மாதிரி இருக்கும். அதுதாங்க அமுக்குவான். தூக்கம் கெடக் கெட இது கூடும்.

நைட் டியூட்டில 3 மணிக்கு எழுப்பினா எப்படி இருக்கும்னு என்னைக் கேளுங்க. எனக்காவது அதுக்குச் சம்பளம் தர்றாங்க. நீங்க காசு கட்டி எழுந்திருக்கறீங்க.

இன்னொண்ணு. நான் எம்பிபிஎஸ்தான், மனநல மருத்துவர் இல்ல. ஆனா இதைச் சொல்ல அது போதும். சுத்தி இருக்கறது நிஜமில்லங்கற உணர்வு ஏற்கெனவே வர்றவங்க, மனச்சிதைவு, இருதுருவ மனநோய், வலிப்பு இருக்கறவங்க இந்தப் பக்கமே வராதீங்க. 'இது நிஜமா'ன்னு நாள் முழுக்கக் கேட்டுக்கறதும் தூக்கத்தைக் கெடுத்துக்கறதும் உங்களுக்கு விளையாட்டு இல்ல. கெட்ட கனவு விடாமத் துரத்துதா? அதுக்கு சிகிச்சை இருக்கு. 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ், இலவசம்.

பையனுக்கு மாத்திரை எதுவும் எழுதல. அலாரத்தை நிறுத்தச் சொன்னேன், 10 மணிக்கு மொபைல் அம்மாகிட்ட. காலைல எழுந்ததும் கனவை நோட்டுல எழுதிக்கோ, ஆசைக்கு நாலஞ்சு தடவ விரலையும் எண்ணிக்கோன்னேன். ரெண்டு வாரம் கழிச்சு வந்தான். அமுக்குவான் வரல. கனவும் இவன் பேச்சைக் கேக்கலையாம், அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

கிளம்பும்போது அம்மா கேட்டாங்க, "மந்திரிச்ச கயிறக் கழட்டிடலாமா சார்?"

"இருக்கட்டும்மா. அது அவனை நாலு மணிக்கு எழுப்பல."