நடுராத்திரியில் கெண்டைக்காலைச் சுண்டி இழுக்கிறதா?

“ஏனுங்க, பகலெல்லாம் நல்லாத்தான் இருக்கறேன். படுத்துக் கண்ணசந்தா போதும், ஆடுசதையில குரக்களி புடிச்சுக்குதுங்க.” கொங்குப் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பலரும் சொல்லும் புகார் இது. கர்ப்பிணிகளுக்கும், நாள் முழுக்க நின்று வேலை செய்யும் இளம் வயதினருக்கும்கூட வருகிறது.

‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்று சொல்வோம். உண்மையில் கல்லாக இறுகுவது தசை. அதற்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பு தேவைக்கு மேல் தூண்டப்படும்போது, தசை சுருங்கியபடியே நின்றுவிடுகிறது. சில நொடிகளில் விட்டுவிடலாம், சில நிமிடங்களும் நீடிக்கலாம். விட்ட பிறகும் மறுநாள் வரை வலி இருக்கும்.

ராத்திரியில் மட்டும் ஏன்?

படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து, கெண்டைக்கால் தசை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கிறது. அப்போது சின்னத் தூண்டுதல் வந்தாலும் பிடித்துக்கொள்கிறது. இறுக்கிப் போர்த்திய கம்பளியும் பாதத்தை இப்படிச் சாய்த்துவிடும். வயதாக ஆக தசைநார்கள் இறுகுவதும் ஒரு காரணம்.

நின்றே செய்யும் வேலை

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் செக்கிங் டேபிள், சோமனூர், பல்லடம் விசைத்தறிகள், ஒப்பணக்கார வீதி, கிராஸ்கட் ரோடு ஜவுளிக் கடைகள்... இங்கெல்லாம் காலையில் நிற்க ஆரம்பித்தால் இரவு வரை நிற்பவர்கள் ஏராளம். நெடுநேரம் நிற்பதால் கெண்டைக்கால் தசை களைத்துப்போகிறது. ‘வெரிகோஸ் வெயின்’ எனப்படும் நரம்புச் சுருட்டலும் வருகிறது. இரண்டுமே இரவு இழுப்போடு தொடர்புடையவை.

உட்காருவது சலுகை இல்லை, சட்டம். தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடை ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்று தமிழக சட்டமன்றம் 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஸ்டூல் கேட்கத் தயங்க வேண்டாம். அதுவரை, நின்றபடியே குதிகாலை உயர்த்தி இறக்குவதை மணிக்கு ஒருமுறை 10 தடவை செய்யுங்கள்.

ஃபவுண்டரி வெக்கையில் வேர்வை கொட்ட வேலை செய்பவர்களுக்கு வேறு காரணமும் உண்டு. வேர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. 1920-களில் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடமே, வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் இழுப்பு வருவதும், உப்புச் சேர்த்துக் குடித்தால் குறைவதும் கவனிக்கப்பட்டது. நம்மூர் உப்புப் போட்ட நீர்மோர் இதற்கு அருமையான மருந்து. பி.பி., இதய நோய் உள்ளவர்கள் உப்பிலும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் மிகுந்த இளநீர், வாழைப்பழத்திலும் டாக்டரைக் கேட்டே அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

இழுக்கும்போது என்ன செய்வது?

* பதறி எழுந்து ஓட வேண்டாம். வயதானவர்கள் இருட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.
* உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். கை எட்டாவிட்டால் பாதத்தில் துண்டைப் போட்டு இழுக்கலாம்.
* நிற்க முடிந்தால், சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தரையில் அழுத்துங்கள்.
* விட்டதும் மெதுவாக நீவிவிட்டு, வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடுக்கலாம். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் சூட்டை முழங்கையில் சோதித்த பிறகே வைக்க வேண்டும்.

வராமல் தடுக்க 3 நிமிடம்

சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றுங்கள். ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகாலைத் தூக்காமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். 30 விநாடி. காலுக்கு 3 முறை, தினமும் படுக்கப் போகும் முன். நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்து நடந்து, 2012-ல் வெளியான ஆய்வில், கெண்டைக்காலையும் பின்தொடையையும் இப்படி நீட்டும் பயிற்சியை 6 வாரம் செய்தவர்களுக்கு இழுப்பும் வலியும் குறைந்தன. செலவில்லாத வைத்தியம்!

மாத்திரை வாங்கும் முன்

மக்னீசியம் மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்குபவர்கள் அதிகம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வயதானவர்களின் கால் இழுப்புக்கு அதனால் பெரிய பலன் தெரியவில்லை. குவினைன் பக்கமே போக வேண்டாம். அது ரத்தத் தட்டணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடலாம் என்பதால், கால் இழுப்புக்குக் கொடுக்கக் கூடாது என அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது.

சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, சில ஆஸ்துமா மருந்துகளாலும் இழுப்பு வரலாம். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மருந்துச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் பிரச்னைகளும் பின்னணியில் இருக்கலாம் என்பதால், அடிக்கடி வந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

இது வெறும் இழுப்பு இல்லை!

* ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து, வலி விடாமல் இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். நீண்ட பயணம், ஆபரேஷன், பிரசவத்துக்குப் பிறகு கூடுதல் கவனம் தேவை. அந்தக் காலை எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.
* கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகிறதா? காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதை ‘வயசாச்சு’ என்று தள்ளிப்போடக் கூடாது. தாமதித்தால் காலையே இழக்க நேரலாம்.
* கால் பலவீனமாகி, மெலிந்து வந்தாலும் நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றும் இல்லாதவர்களுக்கு, இன்று இரவு முதல் அந்தச் சுவர்ப் பயிற்சி போதும். ஆறு வாரம் விடாமல் செய்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் கட்டிலருகே ஒரு சின்ன இரவு விளக்கையும் பொருத்திவிடுங்கள்.