அழுத்தம் எங்கே விழும்?

இத்தாலியர்கள் அணு உலையின் மையத்தை 'நோச்சொலோ' என்கிறார்கள். பழக்கொட்டைக்கும் அதே சொல்தான். அழுத்தம் முதல் அசையில். இரண்டாம் அசையை அழுத்தி 'நொச்சோலோ' என்றால் அது ஹேசல் மரம். அச்சில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்.

கடைசி அசையில் அழுத்தம் விழும் சொற்களுக்குத்தான் இத்தாலிய எழுத்தில் குறி கட்டாயம். மற்றவற்றை வாசிப்பவரே தெரிந்து வைத்திருக்க வேண்டும். வீட்டில் கேட்டு வளர்ந்த சொல்லென்றால் தொல்லையில்லை. அறிவியல் சொல்லைப் பெரும்பாலோர் முதலில் பார்ப்பதே பாடப்புத்தகத்தில்தான்.

இதற்கு லத்தீன் விட்டுச்சென்ற ஒரு கணக்கு உண்டு. அது மிக அழகானது. ஈற்றயல் அசை நெடிலாகவோ ஒற்றில் முடிவதாகவோ இருந்தால் அழுத்தம் அங்கே நிற்கும். இல்லையேல் ஓர் அசை முன்னே போய்விடும். கி-லோ-க்ரம்-மோ என்பதில் 'க்ரம்' ஒற்றோடு முடிகிறது, அழுத்தம் அதன்மேல். கி-லோ-மெ-த்ரோ என்பதில் 'த்ரோ' பிரியாமல் சேர்ந்தே நிற்பதால் 'மெ' வெறும் குறில். அழுத்தம் 'லோ'வுக்குத் தாவுகிறது. சொல்லை எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் எங்கே அழுத்துவது என்பதையும் முடிவு செய்கிறது.

வரி முடிவில் சொல்லை உடைப்பதற்கும் விதி உண்டு. வளிமண்டலத்தை அத்-மோ-ஸ்ஃபே-ரா என்று பிரிப்பார்கள். 'த்ம' என்று இத்தாலியச் சொல் பொதுவாகத் தொடங்காது, ஆகவே அது உடையும். 'ஸ்ஃபே' என்று தொடங்கும், ஆகவே உடையாது.

சிக்கல் கிரேக்கச் சொற்களில். நீர்வீக்கத்தைக் குறிக்கும் 'எதெமா'வை லத்தீன் வழியில் போகிறவர் இரண்டாம் அசையில் அழுத்துவார், கிரேக்க வழியில் போகிறவர் முதல் அசையில். இரண்டுமே காதில் விழுகின்றன. 1834இல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த மின்வாய்ச் சொல்லுக்கும் இதே கதி. கிரேக்க மூலத்தில் ஈற்றயல் குறில் என்பதால் 'எலெத்த்ரொதோ'வில் 'லெத்' அழுந்த வேண்டும்; பலர் 'த்ரொ'வை அழுத்துகிறார்கள்.

இத்தாலிய வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான ராய், 1969இல் மில்யோரினி, தல்யாவீனி, ஃபியொரெல்லி மூவரும் தொகுத்த உச்சரிப்பு அகராதியை வெளியிட்டது. அறிவிப்பாளருக்குக் கிடைத்த அந்த உதவி, முதன்முதலாக வேதியியல் படிக்கும் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். பள்ளிப் புத்தகங்களில் கலைச்சொல் முதலில் வரும் இடத்திலாவது குறியிட்டு அச்சிடலாம். இலக்கணம் அதைத் தடுக்கவில்லை. 'ப்ரின்சிபி' என்பது இளவரசர்களா, கோட்பாடுகளா என்ற குழப்பம் வராமலிருக்கப் பலர் ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகிறார்கள்.