முதலாம் ஆண்டுத் தமிழ் வகுப்பில் எழுத்துப் பயிற்சி: பிழையும் மறுவரைவும்

முன்னுரை

தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப்படிப்பின் பகுதி 1 தமிழ், மாணவர் பெரும்பாலோருக்கு முறையாகத் தமிழ் பயிலும் இறுதி வாய்ப்பாகும். 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. ஆயினும், கல்லூரியில் சேரும் மாணவர் பலர் பத்து வரிகளில் சொந்தமாக ஒரு பத்தி எழுதத் தடுமாறுகின்றனர். ‘மாணவர் தரம் தாழ்ந்துவிட்டது’ என்று கூறி இதனைக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மாணவர் எழுத்தைத் திருத்தும் முறையிலும், எழுதிப் பழகுவதற்கு வகுப்பில் ஒதுக்கப்படும் நேரத்திலும் உள்ள குறையே இங்கு முதலில் எண்ணத்தக்கது.

பிழைகளின் ஒழுங்கு

முதலாம் ஆண்டு விடைத்தாள்களில் காணப்படும் பிழைகளுள் பல காரணத்தோடு கூடியவை. ‘சுவற்றில்’ என எழுதும் மாணவர் இலக்கணம் அறியாதவர் அல்லர். வயிறு, கயிறு முதலிய சொற்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது றகரம் இரட்டி ‘வயிற்றில்’, ‘கயிற்றில்’ என வருவதை அவர் பழக்கத்தால் அறிவார். ‘சுவர்’ என்பது பேச்சில் ‘சுவரு’ என உகரம் பெற்று ஒலிக்கிறது; ரகர, றகர ஒலிப்பு வேறுபாடும் பல வட்டாரங்களில் மறைந்துவிட்டது. எனவே, மெய்யீற்றுச் சொல்லான சுவரையும் அவர் குற்றியலுகரச் சொற்களோடு சேர்த்துவிடுகிறார்.

‘பறவைகள் பறந்தது’ என்னும் தொடருக்கு வேறு காரணம் உண்டு. பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று பெரும்பாலும் வழங்குவதில்லை. ‘பறந்தன’ என்பது அம்மாணவர் செவிவழி கேட்டு வளராத வடிவம். ‘இத்திட்டத்தின் நோக்கம் இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பை உருவாக்குகிறது’ என்னும் தொடரிலோ பேச்சின் தாக்கம் இல்லை. ‘நோக்கம்’ என்னும் எழுவாயை மறந்து, ‘உருவாக்குவதாகும்’ என முடிக்க வேண்டிய தொடரை அவர் வேறாக முடித்துவிட்டார்.

முதற்பிழை ஒப்புமையாக்கத்தால் நேர்ந்தது. இரண்டாவது இரட்டை வழக்கால் நேர்ந்தது. மூன்றாவது நெடுந்தொடர் எழுதிப் பழகாமையால் நேர்ந்தது. இவை அனைத்தையும் சிவப்பு மையால் ஒரே வகையாகச் சுழித்துக் காட்டுவதால் பயன் விளையாது.

விதியும் பயன்பாடும்

வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் பட்டியலாக மனனம் செய்து எழுதும் மாணவர், அடுத்த பக்கத்திலேயே ‘மருந்து கடை’ என எழுதுகிறார். ‘மருந்துக் கடை’ விற்பனை செய்யும் இடத்தையும் ‘மருந்து கடை’ கடையுமாறு ஏவுதலையும் குறிக்கும் என்பதைத் தம் தொடரிலேயே காணும்போதுதான் ஒற்றின் தேவை அவருக்குப் புலனாகும். தேர்வோ பட்டியலையே கேட்கிறது. கட்டுரை வினாக்களுக்கும் வினா-விடை நூல்களிலிருந்து மனனம் செய்த விடைகள் போதுமானவையாக உள்ளன. ஒரு பருவம் முழுவதும் சொந்தமாக ஒரு தொடரும் எழுதாமலே தேர்ச்சி பெற இயலும். பருவத் தேர்வு விடைத்தாளும் பொதுவாக மாணவர் கைக்குத் திரும்புவதில்லை. பிழை செய்தவரே அதனைத் திருத்தி எழுதும் வாய்ப்பு அமைவதில்லை.

மறுவரைவு முறை

வாரத்தில் ஒரு பாடவேளையை எழுத்துப் பயிற்சிக்கென ஒதுக்கலாம். ஊரில் பேருந்து நிற்காமை குறித்த மனு, குடும்பத் தொழிலின் செய்முறை விளக்கம், பாடப்பகுதிக் கவிதை ஒன்றைத் தாம் உணர்ந்த விதம் என மாணவர் அறிந்த பொருளில் பத்து வரிப் பத்தி எழுதச் செய்யலாம். ஒரு வாரத்தில் ஒரு வகைப் பிழையை மட்டும் கருத்தில் கொண்டு, இடத்தை மட்டும் சுட்டித் திருத்தத்தை மாணவரிடமே விட வேண்டும். முதல் வரைவுக்கு மதிப்பெண் வேண்டியதில்லை. திருத்தி எழுதிய மறுவரைவுக்கே அளித்தல் தகும். பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு உரிய 25 மதிப்பெண்களில் 10ஐ இதற்கு ஒதுக்கலாம்.

அறுபது மாணவர் உள்ள வகுப்பில் இது இயலாது என்பர். ஆசிரியர் வாரம் 15 பத்திகளைப் படித்தால், நான்கு வாரங்களில் அனைவர் எழுத்தும் ஒருமுறை அவர் பார்வைக்கு வந்துவிடும். ஏனையவற்றை மாணவர் தமக்குள் மாற்றிப் படிக்கலாம். பொதுவான பிழைகளைப் பெயர் சுட்டாது கரும்பலகையில் எழுதி ஆராயலாம். அவ்வாறு ஆராய்கையில் மாணவரின் பேச்சு வழக்கைக் கொச்சை என இகழ்தல் கூடாது. வீட்டு மொழி இகழப்பட்ட மாணவர் எழுதவே அஞ்சுவார். அவ்வழக்கிற்கும் இலக்கணம் உண்டு. எழுத்து வழக்கு அதனின் வேறுபடும் இடங்களைக் காட்டுவதே ஆசிரியர் பணி.

முடிவுரை

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயமாகிவிட்ட இக்காலத்தில், எழுத இயலாமை வேலைவாய்ப்பையும் பறிக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வெளியேறும் ஒருவர், வட்டாட்சியர் அலுவலக வாயிலில் பிறருக்குக் கூலி கொடுத்துத் தம் மனுவை எழுதுவிக்கும் நிலை நீடிக்குமாயின், அவர் பயின்ற தமிழ்ப் பாடம் அவருக்குப் பயன்படவில்லை என்றே பொருள். பகுதி 1 பாடத்திட்டத்தைத் திருத்தி அமைப்போர் புதிய பாடப்பகுதிகளைச் சேர்ப்பதற்கு முன், மாணவர் எழுதவும் எழுதியதைத் திருத்தி மீண்டும் எழுதவும் நேரம் ஒதுக்குதல் வேண்டும்.